குடை பிடித்தவரிடம் சொன்னது

மதுரை,
9-5-1963

அன்புள்ள ஜெயா,

முழுசாக வந்து சேர்ந்தேன். நானும் முழுசு, காரும் முழுசு. இங்கே மடத்து விருந்தினர் அறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் இறங்கியதும் வாசற்காரர் பின்சீட்டை எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றார். நான்தான் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

உன் மகனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது? மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது கொல்லையில் உட்கார்ந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தான். அதற்குள் விட்டுவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் காய்ச்சலால்தானே நீ என்னோடு சுற்ற வர முடியாமல் போயிற்று. ஆனால் கோபித்துக்கொள்ளாதே, நீ வராததும் நல்லதாகத்தான் போயிற்று. எங்கே எப்போது போக வேண்டும் என்று நீ சொன்னபடி போனேன். ஒரு பகல் முழுக்க யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தேன். இருபத்தெட்டு வயசில் இதுதான் முதல் தடவை.

இந்தப் பயணத்துக்கு அண்ணனோடு எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் கார் ஓட்டலாம், அவர் கண்ணை மூடிய பிறகு ஓட்டினால் மட்டும் குடும்ப மானம் போய்விடும். அப்படிப் பேசிய மனுஷன் போன மாதம் திடீரென்று, "சரி, கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வா. திண்டுக்கல்லில் உன் சிநேகிதி வீட்டில் ஒரு நாள் தங்கிப் போ" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று மதினியைக் கட்டிக்கொண்டு ஆடினேன்.

உன் ஊர் ஜனங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீ சொன்னாயே என்று அந்த மயில் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு காலைப் பூசைக்குப் போனேன். முடிந்ததும் ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் தாயி, இந்தச் செபத்தச் செத்த வாசிச்சுக் காட்டு" என்றார். வாசித்தேன். "இன்னொண்ணு" என்றார். பிறகு குழாயில் தண்ணீர் பிடித்துத் தரச் சொன்னார். குடித்துவிட்டு, "பல்லு வரிசையா இருக்கே, எல்லாம் சொந்தப் பல்லுதானா?" என்றாரே பார்க்கலாம்! நானும் ஈ என்று காட்டினேன். அந்நியப் பெண்ணிடம் இவ்வளவு அன்பா!

வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை. கூட்டமே இல்லை. படியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர் நின்று, தன் குடையை விரித்து என் பக்கமாகப் பிடித்தார். அவர் தலை வெயிலில் இருந்தது. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராம். பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பீரங்கி மேட்டையும் உச்சியில் சாமி இல்லாத கோயிலையும் காட்டினார். சிறுமலைப் பக்கம் திரும்பி நின்று, எந்த ரோட்டில் எங்கே பள்ளம் என்று மதுரை வரைக்கும் சொன்னார். அதிகம் பேசாதவர். ஆனால் கேட்கத் தெரிந்தவர்.

"இம்புட்டுத் தூரம் தனியா ஓட்டிட்டு வாரீங்களே, பயமா இல்லையா?" என்றார். "ரோட்டில் பயமில்லைங்க, வீட்டில்தான்" என்றேன். சிரித்தார். இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்ற தைரியத்தில், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, கிடைத்தால் யார் சொன்னாலும் விடமாட்டேன் என்றேன். அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "விட வேண்டாங்க. எனக்கு அதுல ஆட்சேபணை ஒண்ணும் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் ஆட்சேபித்தால் நான் நின்றுவிடுவேனா என்ன! ஆனாலும் நல்ல மனுஷர். இறங்கும்போது மனசு லேசாக இருந்தது.

பேகம்பூரில் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்தேன். ரேடியேட்டர் கொதித்துவிட்டது. எதிரே கடை வைத்திருக்கும் ஜமால் முகமது என்ற பாய் ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார். "காருக்கு மட்டுந்தானா, ஒங்களுக்கு வேணாமா?" என்று ஒரு சர்பத்தும் கலக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் வழியில் சின்னாளப்பட்டி. நீ சொல்லிவைத்திருந்த வீட்டில் இரண்டு பெண்கள் சுங்குடிச் சேலைகளை என் தோளில் போட்டு, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் நீலம் கேட்டேன். அவர்கள் சிவப்புத்தான் என்று முடிவு செய்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வழிப்போக்கரிடம் சொன்னதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வரும் செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலில் மடத்துப் பெண்கள் பள்ளியில் எனக்கு நேர்காணல். ஆசிரியை வேலை, தங்க அறை உண்டு. கிடைத்துவிட்டால் அண்ணன் வீட்டில் ஒட்டுண்ணி என்ற பேச்சைக் கேட்க வேண்டாம். கன்னியாகுமரி என்று சொன்னதெல்லாம் இதற்காகத்தான். அண்ணனுக்குத் தெரிந்தால் முளையிலேயே கிள்ளிவிடுவார். உனக்குள்ளேயே வைத்துக்கொள். நாகர்கோவில் மடத்து விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அங்கே பதில் போடு.

உன்,
சகாயராணி


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
11-5-1963

அன்பு ராணிக்கு,

உன் கடிதத்தைக் குழம்பு கொதிக்கும்போது பிரித்தேன். முடிக்கிறதற்குள் குழம்பு அடிபிடித்து, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளைகளுக்கு வரும், போகும். மாங்காயையெல்லாம் பெரிசாக எழுத வேண்டுமா?

மலைமேல் பார்த்த அந்த மனுஷரைப் பற்றி அவ்வளவுதானா? ஆள் எப்படி, பேச்சு பிடித்ததா, மரியாதை தெரிந்தவர்தானே? சும்மாதான் கேட்கிறேன். குடை பிடிக்கிற ஆம்பிளையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை, அதனால்.

ஆனால் ராணி, எனக்கு ஒரு வருத்தம். என் வீட்டில் ஒரு ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கிடந்தாய். பழைய ஹாஸ்டல் கதை எல்லாம் பேசினோம். அப்போது வாயைத் திறக்காதவள், யாரோ ஒருவரிடம் மலையில் வைத்துச் சொல்லியிருக்கிறாய். நான் இரண்டாவது ஆள். அதுவும் நாகர்கோவில்! உலகத்தின் கடைசி அல்லவா அது? வேலை என்று போய் உட்கார்ந்துவிட்டால் வயசு காத்துக்கொண்டிருக்குமா? உனக்கென்று ஒரு வீடு, ஒரு துணை வேண்டாமா? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், பிறகு உன் இஷ்டம்.

உன் விஷயத்தை யாரிடமும் மூச்சு விடமாட்டேன். சூசையப்பர்மேல் ஆணை.

இப்படிக்கு,
ஜெயமேரி


நாகர்கோவில்,
15-5-1963

அன்புள்ள ஜெயா,

வேலை போய்விட்டது.

நேற்று அந்தச் சிவப்புச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மதர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முந்தின நாள் அண்ணனிடமிருந்து தந்தி வந்திருந்ததாம். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று. "பாதி வருஷத்தில் விட்டுப் போகிறவளை எப்படியம்மா எடுப்பது? வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார். எனக்கு எந்தக் கல்யாணமும் இல்லை என்று சொன்னேன். என் அழுகையைப் பார்த்து, விடுதிக் காப்பாளர் வேலை ஒன்று வரலாம், அதற்குச் சம்பளம் குறைவு, வேண்டுமானால் எழுது என்றார். வகுப்பில் நின்று பாடம் சொல்லவேண்டும் என்று வந்தவளுக்கு, பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று பார்க்கிற வேலை.

அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? யோசித்து யோசித்து ஒரே ஒருவரிடம்தான் வந்து நிற்கிறேன். அந்தக் குடைக்காரர். பஸ்காரர், நாலு ஊர் போகிறவர், திருச்சியில் அண்ணனைத் தெரிந்திருக்கும். என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவரைப் போய் நல்ல மனுஷர் என்று எழுதினேன்! ஜெயா, உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் யார் என்று விசாரி. எனக்கு இப்போது நம்பிக் கேட்க உன்னைவிட்டால் ஆள் இல்லை.

கன்னியாகுமரிக்குப் போகவில்லை. நாளை திரும்புகிறேன். உங்கள் ஊரில் நிற்க மனசில்லை. பதிலைத் திருச்சிக்குப் போடு.

ராணி


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
19-5-1963

அன்பு ராணிக்கு,

படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இனி மறைத்துப் பிரயோசனமில்லை, கோபப்படாமல் படி.

அவர் யாரோ இல்லை. பெயர் செபஸ்தியான். என் சின்ன மாமியார் மகன், எனக்குக் கொழுந்தன் முறை. கோயிலில் செபம் வாசிக்கச் சொன்னது அவருடைய அம்மா சவரியம்மாள். சின்னாளப்பட்டியில் இருந்தவர்கள் அவருடைய அக்காமார். அன்றைக்கு உன்னைப் பெண் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வது. கோயிலிலோ கடையிலோ தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்த்துவிடுவோம். பிடிக்காவிட்டால் பெண் வீட்டுக்குத் தலைகுனிவு இல்லை. பெண்ணிடம் மட்டும் வீட்டில் ஜாடையாகச் சொல்லிவைப்பார்கள். அவளும் ஒன்றும் தெரியாததுபோல் நடந்துகொள்வாள். உன்னிடம் சொன்னால் காரைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாய். அதனால் நானும் உன் அண்ணனும் சொல்லவில்லை. ஆமாம், அவருக்கும் தெரியும். இதற்காகத்தான் உன்னைப் போகவிட்டார்.

செபஸ்தியானைத் திட்டாதே. உனக்குத் தெரியாது என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. எல்லாப் பெண்களையும்போல் நீயும் தெரிந்தேதான் பேசுகிறாய் என்று நினைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "மதினி, பொண்ணு தெளிவா இருக்கு. வேலைய விடமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு. எனக்கு ஆட்சேபணை இல்லன்னு நானும் அங்கயே சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். சின்ன மாமியார்தான், "சம்பாதிக்கப் போற மருமக எனக்கு வேணாம். அவ வேலைய விட்டா வரட்டும்" என்று ஒரே பிடியாய் நின்றுவிட்டார்கள்.

உன் அண்ணனுக்கு வேலை விஷயம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. செபஸ்தியான் வெள்ளந்தி, சந்தோஷத்தில் எங்காவது வாய் விட்டிருப்பார். அது கிடக்கட்டும். எல்லாம் நல்லதற்கே என்று எடுத்துக்கொள். இப்போது வேலையும் இல்லை, சின்ன மாமியாரும் இறங்கி வந்துவிட்டார்கள். நீ ம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஜெயமேரி


திருச்சி,
24-5-1963

ஜெயமேரி,

சுகம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

பல்லைக் காட்டினேனே, ஜெயா! அந்த அம்மாள் கேட்டதும் ஈ என்று காட்டி, அதை உனக்குச் சிரிக்கச் சிரிக்க எழுதினேனே. மாடு பிடிக்க வந்தவர்களிடம் மாடே போய், இதோ என் பல் என்று நின்ற கதை. நீ அந்தக் கடிதத்தை யார் யாருக்குப் படித்துக் காட்டினாய்?

அது போகட்டும். அண்ணனிடம் சண்டை போட்டு ஜெயித்த ஒரே பயணம் என்று நினைத்திருந்தேன். அது அவர் அனுப்பிவைத்த பயணம். புடவையின் நிறத்திலிருந்து மலை ஏறுகிற நேரம் வரைக்கும் நீ போட்டுக் கொடுத்தது. என் ஆயுசில் எனக்கென்று இருந்த ஒரு பகல், அதுவும் என்னுடையது இல்லை. உங்கள் ஊரை நான் சுற்றிப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் சுற்றிக் காட்டியிருக்கிறீர்கள். இதைக்கூட அழுது தீர்த்துவிட்டு உன்னை மன்னித்திருப்பேன். சிநேகிதிக்கு வாழ்க்கை அமையட்டும் என்று முட்டாள்தனமாகச் செய்தாய் என்று நினைத்திருப்பேன்.

ஆனால் தந்தி நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறது. மலைமேல் நான் சொன்னது "தெற்கே ஒரு பள்ளிக்கூடம்" என்று மட்டும். ஊரும் சொல்லவில்லை, பள்ளியும் சொல்லவில்லை. இரண்டையும் விலாசத்தோடு எழுதியது உனக்கு ஒருத்திக்குத்தான்.

மதினியிடம் கேட்டேன். பதினோராம் தேதி சாயங்காலம் உன் வீட்டுக்காரர் இங்கே வந்து, காப்பி குடித்துவிட்டு, அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினாராம். நீ எனக்குச் சூசையப்பர்மேல் ஆணையிட்டு எழுதிய அதே நாள். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அவரைப் பஸ் ஏற்றினாயா, ஏற்றிவிட்டு வந்து எழுதினாயா?

போதாக்குறைக்கு, நான் தப்பாகச் சந்தேகப்பட்டதும் நீயும் சேர்ந்து பழியைத் தூக்கி அந்த மனுஷர் தலையில் போட்டாய். நானும் நம்பினேன். குடை பிடித்ததைத் தவிர ஒரு தப்பும் செய்யாதவரை ஒரு வாரம் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மட்டுமாவது உண்மையாகப் பதில் எழுது. ஏன் செய்தாய்?

சகாயராணி


திண்டுக்கல்,
29-5-1963

ராணி,

நான்தான் சொல்லி அனுப்பினேன். முதலில் கடிதத்தை எழுதினேன், பிறகு அவரை அனுப்பினேன். எழுதும்போது உண்மையாகத்தான் எழுதினேன். ஒட்டி முடித்ததும் சின்ன மாமியார் வந்து, வேறு இடத்தில் பெண் பார்க்கச் சொல்லிவிட்டேன் என்றார்கள். அத்தோடு என் புத்தி போய்விட்டது.

ஏன் என்று கேட்கிறாய். நீ ஒரு நாள் வந்து தங்கிப் போனாய். நான் ஆறு வருஷமாக இருக்கிறேன். இந்த வீட்டில் என்னைச் சோறு வை, வெஞ்சனம் வை, தண்ணி வை என்பதைத் தவிர வேறு பேச்சுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நானும் உன்னோடு உட்கார்ந்து படித்தவள்தான். உன்னைவிடக் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள். இப்போது மளிகைச் சிட்டை எழுதுவதோடு சரி. நீ இந்தக் குடும்பத்துக்கு வந்தால் எனக்கு ஓரகத்தி முறை, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பாய். மத்தியானத்தில் செத்த நேரம் உட்கார்ந்து பேசலாம். அதற்குத்தான் ஆசைப்பட்டேன். வேலை உனக்கு இன்னொன்று கிடைக்கும். நீ எனக்கு இன்னொருத்தி கிடைக்கமாட்டாய்.

உன்னை எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அவ்வளவுதான். அது அம்புட்டுப் பெரிய பாவமா? நீ நாகர்கோவிலுக்குப் போயிருந்தால் என்னை நினைத்திருப்பாயா? வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்திருக்கும்.

நேற்று செபஸ்தியான் வந்தார். உனக்கு ஒன்றும் தெரியாது என்பதை இப்போதுதான் அவரிடம் சொன்னேன். வைத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே வாசல்வரைக்கும் போனேன். "அந்தப் பொண்ணு மொகத்துல முழிக்க முடியாமப் பண்ணிட்டீங்களே மதினி" என்று மட்டும் சொன்னார்.

திட்டியாவது ஒரு வரி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

ஜெயா


நாகர்கோவில்,
14-6-1963

ஜெயா,

கேட்டாய் என்று எழுதுகிறேன். திட்டுவதற்கு இல்லை, விஷயத்தைச் சொல்வதற்கு.

விடுதிக் காப்பாளர் வேலைக்கு வந்துவிட்டேன். அண்ணன் கார் சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மதினி எடுத்துக் கொடுத்தாள். வழிக்கு எலுமிச்சஞ்சோறும் கட்டி முன்சீட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இங்கே வகுப்பறைக்குப் பக்கத்து அறைதான் எனக்கு. அந்த இன்னொருத்தி பாடம் நடத்துவது கேட்கிறது. மோசமில்லை. நான் இன்னும் நன்றாக நடத்தியிருப்பேன்.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன். மத்தியானத்தில் பேச ஆளில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து அழுதேன், மறைக்கவில்லை. அதை மட்டும் எனக்கு முன்னாலேயே எழுதியிருந்தால், லீவு விட்டதும் கிளம்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன்னை விட்டுவிட்டுப் போகிறவள் என்று நீயே தீர்மானித்து, போக முடியாமல் என் காலை ஒடிக்கப் பார்த்தாய். ஆசையில் செய்தாய் என்பது தெரிகிறது. அதனால் வலி குறையவில்லை, இன்னும் கூடித்தான் இருக்கிறது.

சிவப்புச் சேலையைத் திருப்பி அனுப்பமாட்டேன். நெய்தவர்மேல் எனக்குக் கோபமில்லை.

வரும்போது உங்கள் ஊர் வழியாகத்தான் வந்தேன், எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பேகம்பூரில் ஜமால் முகமது பாய் கடையில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் வாங்கினேன். அந்த ஊரில் என் பல்லையும் நடையையும் பார்க்காமல் தண்ணீர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். உன் தெரு அங்கிருந்து தெரிந்தது. மொட்டைமாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நீயாக இருக்கலாம். நான் கை காட்டவில்லை. இனி ஒவ்வொரு லீவுக்கும் போகும்போதும் வரும்போதும் அங்கேதான் நிறுத்துவேன். ஊரைக் கூட்டி என்னைப் பார்க்கவைத்தாய் அல்லவா, இனி நீயும் மாடியில் நின்று பார்த்துக்கொள். இறங்கி மட்டும் வராதே.

செபஸ்தியான் திருச்சிக்கு வந்திருந்தார். அண்ணன் முன்னாலும் மதினி முன்னாலும் நின்று, அவர் செய்யாத தப்புக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார், இந்தத் தடவை நேராக, எனக்குத் தெரியும்படியாக. நானும் பதில் சொன்னேன். வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். அவர் ஆணை எதுவும் இடவில்லை.

என்ன பதில் சொன்னேன் என்று நீ தவியாய்த் தவிப்பாய். எனக்குத் தெரியும். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் அன்று ராத்திரியே உனக்குத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

சகாயராணி